அசையாத கல் கதை சொல்வது எப்படி?

மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சியில் பெரிய பௌத்தத் தூபியின் கிழக்குத் தோரண வாயிலில் மூன்று குறுக்கு விட்டங்கள் இருக்கின்றன. நடு விட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு நகரம். அதன் வாசலிலிருந்து ஒரு குதிரை வெளியே வருகிறது. குதிரைமேல் யாரும் இல்லை. ஆனாலும் அதன் முதுகுக்கு மேலே குடை பிடித்திருக்கிறார்கள். குளம்புச் சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று குள்ள உருவங்கள் சில அதன் கால்களைத் தாங்கிக்கொண்டு போகின்றன. கொஞ்சம் வலப்பக்கம் பார்த்தால் இன்னொரு குதிரை, அதற்கும் குடை. அதைத் தாண்டி மறுபடியும் ஒன்று. வலது ஓரத்துக்குப் போனதும் குடை குதிரையை விட்டு நகர்ந்து, இரண்டு பாதச்சுவடுகளுக்கு மேலே நிற்கிறது. ஒருவன் அங்கே மண்டியிட்டிருக்கிறான். அவனுக்குக் கீழே ஒரு குதிரை, இந்த முறை குடையில்லாமல், வந்த வழியே திரும்பிப் போகிறது.

முதல் தடவை பார்ப்பவருக்கு ஏதோ குதிரைப்படை ஊர்வலம் போகிறது என்றுதான் தோன்றும். அங்கே இருப்பது ஒரே ஒரு குதிரை. சித்தார்த்தன் நள்ளிரவில் அரண்மனையை விட்டுப் போகிறான். தேரோட்டி சன்னன் கூடவே வருகிறான். இளவரசன் குதிரையில் இருக்கும்வரை குடை குதிரைக்கு மேலே இருக்கிறது. அவன் இறங்கி நடந்ததும் குடையும் இறங்கி அவன் பாதங்களுக்கு மேலே வருகிறது. வெறும் முதுகோடு குதிரையும் சன்னனும் ஊர் திரும்புகிறார்கள். புத்தரின் உருவத்தைச் செதுக்காமல் அவர் இருப்பதைக் குடையாலும் சுவடாலும் காட்டியது அந்தக் காலச் சிற்ப மரபு. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேலை இது. குதிரையைத் திரும்பத் திரும்பச் செதுக்கியவர் நம் கண் இடமிருந்து வலமாக நகரும் என்று நம்பியிருக்கிறார். கண் நகர்ந்தால் குதிரை நடக்கும். நாம் பார்வையை நிறுத்தினால் குதிரையும் நின்றுவிடும்.

கலை, கட்டடம், ஊடகம், கதைசொல்லல் என்று நான்கையும் சேர்த்துப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு, ‘ஏன் இவை ஒரே பாடத்தில்?’ என்ற சந்தேகம் முதல் நாளே வரும். சிலைக்கும் சினிமாவுக்கும் என்ன உறவு? கட்டடம் எங்கிருந்து கதை சொல்கிறது? எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு கேள்விதான். எந்தப் படைப்பின் முன்னால் நின்றாலும், ‘இங்கே நேரம் யார் கையில் இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள்.

கதை என்றால் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது. ஒன்றன்பின் ஒன்று என்றாலே நேரம் வந்துவிடுகிறது. பாட்டி கதை சொன்னால் நேரம் பாட்டியின் கையில். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. புத்தகத்தில் அது பாதி எழுத்தாளரிடமும் பாதி வாசகரிடமும் இருக்கிறது. வரிசையை எழுத்தாளர் அமைக்கிறார். வேகத்தை வாசகர் அமைத்துக்கொள்கிறார். படத்தில்? ஓவியம் முழுவதும் ஒரே கணத்தில் கண்முன் விரிந்துவிடுகிறது. முன்னது எது, பின்னது எது என்று அது தானாகச் சொல்வதில்லை. கட்டடத்தில் நேரம் நம் கால்களில் இருக்கிறது. சினிமாவில் அது முழுக்க எடுத்தவர் கையில்.

ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் 1766இல் இதைப் பற்றி விரிவாக வாதிட்டார். சொல் நேரத்தில் ஓடுவது, ஓவியமும் சிற்பமும் இடத்தில் பரவுவது. ஆகவே ஓவியருக்குக் கிடைப்பது ஒரே ஒரு கணம்தான். அந்தக் கணத்திலிருந்து முன்னால் நடந்ததும் பின்னால் நடக்கப்போவதும் விளங்கும்படி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். உச்சக் கணத்தையே காட்டிவிட்டால் பார்ப்பவரின் கற்பனைக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பது அவர் எண்ணம்.

லெஸ்ஸிங் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, 7ஆம் நூற்றாண்டில், இதைச் செய்து காட்டிய ஒரு சுவர் மாமல்லபுரத்தில் இருக்கிறது. மகிஷாசுரமர்த்தினி குகையில் துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைத்தபடி முன்னேறுகிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக மகிஷன். கதாயுதத்தைப் பிடித்தபடி நிற்கிறான், ஆனால் உடல் பின்பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. அவனுடைய ஆட்கள் சரிகிறார்கள். மகிஷன் இன்னும் சாகவில்லை. அதே ஊரில் வேறு குகைகளில் துர்க்கை வெட்டுண்ட எருமைத் தலைமேல் நின்றபடி அமைதியாகக் காட்சி தருகிறாள். அது வழிபாட்டுக்கான வடிவம், எல்லாம் முடிந்த பிறகான நிலை. இந்தச் சுவரில் முடிவு இன்னும் வரவில்லை. மகிஷனின் இடுப்பிலிருந்து தோள்வரை உள்ள சாய்வு ஒன்றை மட்டும் பாருங்கள். அவன் இந்த நொடியில் எதிர்க்கிறான், அடுத்த நொடியில் பின்வாங்குவான். இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. சண்டைக் காட்சியைச் செதுக்குவதில் இதைவிடத் தேர்ந்த முடிவு ஒன்றை நான் கண்டதில்லை.

குகையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் போருக்கு நேர் எதிர்ச் சுவரில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரு பக்கம் கோடுகள் எல்லாம் சாய்ந்து மோதுகின்றன. மறுபக்கம் ஒரு நீண்ட கிடை உருவம் ஆழ்ந்த அமைதியில் கிடக்கிறது. நடுவில் நிற்பவர் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பும் அந்தக் கணத்தில் போர் உறக்கமாக மாறுகிறது. சினிமாக்காரர்கள் ‘கட்’ என்று சொல்வதை இங்கே நம் கழுத்து செய்கிறது.

ஒரு கணத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் காட்டுவது, சாஞ்சிக் குதிரை போல, இன்னொரு வழி. கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்குவது மூன்றாவது. இன்றைய சித்திரக்கதைகள் அந்த வழியில்தான் நடக்கின்றன. நீண்ட பட்டையாக ஓடவிடுவதும் உண்டு. ரோமில் 113ஆம் ஆண்டு முடிந்த டிராஜன் தூணில் ஒரு போர் வரலாறு கிட்டத்தட்ட 190 மீட்டர் நீளப் பட்டையாகத் தூணைச் சுற்றிச் சுற்றி 23 சுற்றுகள் மேலே ஏறுகிறது. தரையில் நிற்பவரால் மேல் சுற்றுகளைப் படிக்கவே முடியாது. கதையாக வாசிக்க அது தோற்ற முயற்சி என்பேன். ஆனால் பேரரசரின் வெற்றி கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்று காட்டுவதுதான் நோக்கம் என்றால், அது நிறைவேறிவிட்டது.

வரிசையே இல்லாத படைப்பும் இருக்கிறது. மாமல்லபுரத்திலேயே திறந்தவெளியில், அருகருகே நிற்கும் இரண்டு பெரும் பாறைகளின் முகம் முழுவதும் உருவங்கள். நடுவே ஒரு பிளவு. அதில் நாகர்கள் நீந்தி மேலேறுகிறார்கள். பிளவை நோக்கித் தேவர், முனிவர், வேடர், யானை எல்லாம் திரண்டு வருகின்றன. இடப்பக்கம் ஒருவர் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறார். அவர் அர்ச்சுனன், பாசுபதம் வேண்டி நிற்கிறான் என்பது ஒரு சாரார் கருத்து. அவர் பகீரதன், கங்கையை வரவழைக்கிறான் என்பது மற்றவர்கள் கருத்து. அறிஞர்களிடையே இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்று பாறை சொல்வதில்லை, ஆகவே பார்ப்பவர் எந்த உருவத்தில் தொடங்குகிறாரோ அந்தக் கதை அவருக்குக் கிடைக்கிறது. யானைகளின் பக்கம் தொடங்கினால் ஒரு பூனை கண்ணில் படும். அதுவும் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கி, அந்தத் தவசியைப் போலவே நிற்கிறது. சுற்றிலும் எலிகள். பெரிய தவத்துக்குப் பக்கத்தில் ஒரு பொய்த் தவம். முதல் பார்வையில் பூனையைத் தவறவிட்டவர் பாறையைப் பாதிதான் படித்திருக்கிறார்.

கட்டடத்துக்கு வருவோம். இங்கே நேரம் கால்களில் இருக்கிறது என்றேன். அதை மிக நுட்பமாகப் பயன்படுத்திய இடம் ஜாவாவில் உள்ள போரோபுதூர். 9ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற பௌத்த நினைவகம் அது. 1,460 கதைச் சிற்பப் பலகைகளும் 504 புத்தர் உருவங்களும் அதில் உண்டு. எண்ணிக்கையை விட்டுவிட்டு அதன் நடைபாதையைக் கவனியுங்கள். கீழ்த் தளங்கள் சதுரமானவை. இருபுறமும் சுவர் உள்ள ஒடுங்கிய பாதை. கூரை இல்லை, வானம் மட்டும் தெரியும். மூலைகள் மடிந்து மடிந்து திரும்புவதால் முன்னால் சிறிது தூரம்தான் பார்க்க முடியும். வலம் வரும் திசையில் நடந்தால் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையும் முற்பிறவிக் கதைகளும் ஒவ்வொன்றாக வருகின்றன. அடுத்த காட்சி வேண்டுமென்றால் அடுத்த அடி எடுத்து வைத்தாக வேண்டும். முதல் தளத்தில் சிற்பங்கள் நான்கு வரிசைகளில் இருக்கின்றன. முறையாகப் படிப்பவர் அதே பாதையை நான்கு முறை சுற்ற வேண்டும்.

இப்படிச் சுற்றிச் சுற்றி மேலே ஏறினால் திடீரென்று சுவர்கள் நின்றுவிடுகின்றன. மூன்று வட்டத் தளங்கள், 72 சிறு தூபிகள், நடுவே ஒரு பெரிய தூபி. கதைச் சிற்பம் ஒன்றுகூட இல்லை. துளைகள் வழியே தூபிகளுக்குள் அமர்ந்திருக்கும் புத்தர் பாதி தெரிகிறார். சுற்றிலும் மலை, வெளி, காற்று. இவ்வளவு நேரம் கதையால் நிரம்பியிருந்த கண்ணுக்குப் படிக்க எதுவுமே இல்லாத இடம். ஆசைகள் நிறைந்த உலகிலிருந்து உருவம் கடந்த நிலைக்கு என்ற பௌத்தப் படிநிலையோடு இந்த அமைப்பை ஒப்பிட்டு விளக்குவது வழக்கம். அந்தத் தத்துவம் தெரியாதவருக்கும் விஷயம் உடம்பு வழியாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஒடுக்கத்திலிருந்து வெளிக்கு வந்தவரின் மூச்சே மாறிவிடுகிறது. கட்டடம் கதை சொல்வது இப்படித்தான். சுவரில் என்ன செதுக்கியிருக்கிறது என்பது அதில் பாதிதான். எப்போது அடைக்கிறது, எப்போது திறக்கிறது, எப்போது இருட்டாக்குகிறது என்பது மீதி.

இதே உத்தி உருவச் சிற்பமே இல்லாமலும் வேலை செய்யும். இஸ்தான்புல்லின் ஹகியா சோபியாவில், 537இல் கட்டி முடித்த அந்தப் பெரும் கட்டடத்தில், அடுத்தடுத்த முன்மண்டபங்களைத் தாண்டித்தான் நடுக்கூடத்துக்குப் போக வேண்டும். போனதும் தலைக்கு மேலே ஏறத்தாழ 31 மீட்டர் அகலக் குவிமாடம். அதன் அடியைச் சுற்றி 40 சன்னல்கள். வெளிச்சம் அந்த வளையத்தில் நிரம்பும்போது குவிமாடத்தைத் தாங்கும் கல்லே கண்ணுக்குத் தெரிவதில்லை. வானத்திலிருந்து தொங்கவிட்டது போல இருக்கிறது என்று அந்தக் காலத்திலேயே வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதிவைத்தார்.

ஊடகம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் செய்தி, தொலைக்காட்சி என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். அதன் அடிப்படைப் பொருளைப் பிடித்துக்கொள்வது நல்லது. எதன் ஊடாக நாம் பார்க்கிறோமோ அது ஊடகம். கல்லும் ஊடகம்தான், சுவரும் ஊடகம்தான். ஒவ்வொன்றும் சிலவற்றைக் காட்டும், சிலவற்றை விழுங்கிவிடும். இதை நிரூபிக்க ஒரு புகைப்படம் போதும். 1838இல் புகைப்பட முன்னோடி தகேர் பாரிஸின் ஒரு தெருவை மேலிருந்து படம் எடுத்தார். ஆளும் வண்டியும் நெரிந்த தெரு அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. தகடு ஒளியைப் பிடிக்கப் பல நிமிடங்கள் ஆனதால், நகர்ந்துகொண்டிருந்த எவரும் அதில் பதியவில்லை. கீழே ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதர் தெரிகிறார். காலணிக்கு மெருகு போட ஒற்றைக் காலைத் தூக்கிவைத்து அசையாமல் நின்றதால் அவர் தப்பினார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவர். நின்றவர் மட்டும் வரலாற்றில் நுழைந்தார் என்றால், அன்று நடந்துபோன அத்தனை பேரும் எங்கே? புகைப்படம் பொய் சொல்லாது என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்தத் தெருவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சினிமா வந்ததும் நேரம் பார்ப்பவரின் கையிலிருந்து முற்றிலும் போய்விட்டது. நொடிக்கு 24 படங்கள் நம்மைக் கேட்காமலே ஓடுகின்றன. அதோடு ஒரு புதிய சக்தியும் கிடைத்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டலாம். சோவியத் இயக்குநர் குலெஷோவ் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த சோதனையை எல்லாத் திரைப்படப் பள்ளிகளிலும் சொல்லித் தருகிறார்கள். மோஷூகின் என்ற நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்துக்கொண்டார். ஒரே துண்டுதான். அதை ஒருமுறை சூப் கிண்ணத்தோடு ஒட்டினார், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணோடு ஒட்டினார், ஒருமுறை பொம்மையோடு விளையாடும் சிறுமியோடு ஒட்டினார். அந்தத் துண்டுப்படம் இன்று இல்லை. கூட வேலை செய்த புதோவ்கின் எழுதியதை வைத்துத்தான் இந்த விவரம் நமக்குத் தெரியும். பார்த்தவர்கள் நடிகரின் திறமையை வியந்தார்களாம். சூப்பைப் பார்த்து எப்படிச் சிந்தனையில் ஆழ்கிறார், இறந்தவளைப் பார்த்து எப்படித் துயரப்படுகிறார், குழந்தையைப் பார்த்து எப்படிப் புன்னகைக்கிறார்! முகம் மாறவே இல்லை. சோகத்தையும் சிரிப்பையும் அவர்கள்தான் அதில் வைத்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. இந்த இடத்தில் நம் பழைய இலக்கணம் கையில் ஒரு நல்ல கருவியைத் தருகிறது. அகப்பாடலை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது தொல்காப்பியம். முதல் என்றால் நிலமும் பொழுதும். கரு என்றால் அந்த நிலத்துப் பறவை, விலங்கு, மரம், தொழில். உரி என்றால் உணர்வு. அகநானூற்றில் ஒரு மருதப் பாடல் உண்டு. பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவன் வாசலில் நிற்கிறான். அவனோடு பேசுபவள் முதலில் ஓர் எருமையைப் பற்றிச் சொல்கிறாள். சேற்றுத் தொழுவத்தில் இருக்கப் பிடிக்காத எருமை இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, குளத்தில் இறங்கித் தாமரையை மேய்ந்துவிட்டு வருகிறது. நீயும் அப்படித்தான் என்று அவள் எங்குமே சொல்வதில்லை. எருமையையும் தலைவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறாள், அவ்வளவுதான். மீதியைக் கேட்பவர் முடித்துக்கொள்கிறார். உள்ளுறை என்று இதற்குப் பெயர். குலெஷோவ் படச்சுருளில் செய்ததும் இதுவே. ஒட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பார்ப்பவரை வேலை செய்யவைப்பது.

ஆகவே ஒரு காட்சியைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதபோது இந்த வரிசையில் போகலாம். எந்த இடம், என்ன பொழுது? அங்கே என்னென்ன பொருட்கள், எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? இவற்றைப் பார்த்து முடித்த பிறகுதான் ‘என்ன உணர்வு?’ என்ற கேள்வி. பெரும்பாலான தொடக்க மாணவர்கள் உரியில் தொடங்கிவிடுகிறார்கள். ‘சோகமாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் எழுத எதுவும் இருக்காது. சன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே விழவில்லை, நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று தொடங்கினால் ஒரு பக்கம் தானாக நிறையும், சோகத்தின் காரணமும் அகப்படும்.

கைப்பேசித் திரை இந்தக் கணக்கை மறுபடி மாற்றியிருக்கிறது. நிறுத்தலாம், ஓட்டலாம், பின்னால் போகலாம். சினிமா எடுத்துக்கொண்ட நேரம் பாதி நம் விரலுக்குத் திரும்பிவிட்டது. ஆனால் அடுத்து என்ன வரும் என்ற வரிசை இப்போது இயக்குநரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. அதை ஒரு கணினி நிரல் தீர்மானிக்கிறது. அந்த ஒட்டுகளுக்கு நடுவிலும் நம் மனம் அர்த்தம் தேடிக்கொண்டேதான் இருக்கிறது. சவப்பெட்டியும் சூப் கிண்ணமும் அங்கே தினமும் அடுத்தடுத்து வருகின்றன. தனியாக எழுத வேண்டிய விஷயம் அது.

கலை, கட்டடம், ஊடகம், கதை நான்கும் ஒரே இடத்தில் சேர்வதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவரை. 1982இல் திறந்தது. வடிவமைப்புப் போட்டிக்கு 1,421 திட்டங்கள் வந்தன. தேர்வானது மாயா லின் என்ற 21 வயது மாணவியின் திட்டம். சிலை இல்லை, கொடி இல்லை. தரையில் இறங்கும் இரண்டு கருங்கல் சுவர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75 மீட்டர். விரித்த புத்தகம் போல நடுவில் சேர்கின்றன. கல் பெங்களூருப் பக்கத்திலிருந்து போனது. அதில் 58,000க்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. பதவி இல்லாமல், அகர வரிசையில் இல்லாமல், வீழ்ந்த நாளின் வரிசையில்.

ஓரத்தில் சுவரின் உயரம் கணுக்காலளவுதான். உள்ளே நடக்க நடக்கப் பாதை இறங்குகிறது, சுவர் இடுப்புக்கு, தோளுக்கு, தலைக்கு மேலே உயர்கிறது. எண்ணிக்கை என்பது என்ன என்று கால்களுக்குப் புரிகிறது. பெயர்களின் வரிசை ஓரத்தில் தொடங்கவில்லை. நடு மூலையில், 1959இல் தொடங்கி வலப்பக்கச் சுவரின் கடைசிவரை ஓடுகிறது. அங்கே அறுந்து, இடப்பக்கச் சுவரின் வெளி ஓரத்தில் மறுபடி தொடங்கி, நடுவை நோக்கி வந்து 1975இல் முடிகிறது. ஆகவே மூலையில் நிற்பவருக்கு முதலில் இறந்தவரின் பலகையும் கடைசியில் இறந்தவரின் பலகையும் அடுத்தடுத்து. போரின் இரண்டு நுனிகளும் அங்கே தொட்டுக்கொள்கின்றன.

கல்லைக் கண்ணாடி போல மெருகேற்றியிருக்கிறார்கள். தங்கள் ஆளின் பெயரைத் தேடி வருபவர்கள் ஒரு தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்க்கிறார்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் எழுந்து வருகின்றன. தேய்ப்பவரின் முகம் பக்கத்துப் பெயர்களுக்கு நடுவே கல்லில் தெரிகிறது.